ஜிசெல்லில் ஆடம் எவ்வளவு? – கடிதம்

வணக்கம்.

பாலே இசை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு அடோல்ஃப் ஆடம் இசையமைத்த ‘ஜிசெல்’ பாலேயை முழுதாகப் பார்த்தேன். பிறகு இசையை மட்டும் இரண்டு பதிவுகளில் கேட்டேன். முதல் அங்கம் சலிப்பூட்டியது. திருவிழா பேண்டு போலக் குதித்தோடும் மெட்டுகள். சைகோவ்ஸ்கி பக்கத்தில் வைக்கவே முடியாது. போதாததற்கு ஒரு பதிவில் இருக்கும் துண்டு இன்னொன்றில் இல்லை. எது அசல்? எந்தப் பதிவைக் கேட்பது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் சலிப்பில் ஒரு பகுதியை முதலில் ஆடமின் கணக்கிலிருந்து கழித்துவிடலாம். முதல் அங்கத்தின் நடுவில் ஒரு கிராமத்து ஜோடி வந்து நீளமாக ஆடுகிறதல்லவா, அந்த இசை ஃபிரெட்ரிக் புர்க்முல்லருடையது. பியானோ படிக்கும் பிள்ளைகளுக்கான பயிற்சித் துண்டுகளால் இன்று அறியப்படுபவர். 1841 ஜூன் 28 அன்று பாரிஸ் ஓபராவில் அரங்கேறியபோதே, நத்தாலி ஃபிட்ஸ்-ஜேம்ஸ் என்ற நடனக்காரிக்கு இடம் தருவதற்காக அதைச் செருகிவிட்டார்கள். கதைக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. ஜிசெல் ஒற்றைக்கால் நுனியில் துள்ளியபடியே மேடையைக் குறுக்காகக் கடக்கும் தனி ஆட்டமும் ஆடம் எழுதியதல்ல. 1880களில் பீட்டர்ஸ்பர்க்கில் நடன அமைப்பாளர் மரியுஸ் பெட்டிபா இந்த பாலேயை மறுபடி மேடையேற்றியபோது சேர்ந்தது அது. இசையமைப்பாளர் ரிக்கார்டோ டிரிகோவின் கைவேலை என்பதே பொதுவான கருத்து. பாரிஸில் 1868க்குப் பிறகு ஜிசெல்லை ஆடவில்லை. ரஷ்யாவில் தொடர்ந்து ஆடினார்கள், ஆட ஆட வெட்டினார்கள், ஒட்டினார்கள். தியாகிலெவ் நடத்திய ரஷ்ய பாலே குழு 1910இல் அதைப் பாரிஸுக்குத் திரும்பக் கொண்டுவந்தது. பதிவுக்குப் பதிவு துண்டுகள் மாறுவது இதனால்தான்.

மிச்சமிருக்கும் எளிய மெட்டுகள் ஆடமுடையவைதான். அவர் சிம்பனிக்காரர் அல்ல. அப்பா லூயி ஆடம் பாரிஸ் கன்சர்வேட்டரியில் பியானோ பேராசிரியர். மகன் இசையைத் தொழிலாக எடுப்பதை அவர் விரும்பவில்லை. மகனோ ஜிம்னாஸ் நாடக அரங்கின் வாத்தியக் குழுவில் முக்கோண மணி தட்டத் தொடங்கி, டிம்பனி முரசுக்கு வந்து, வோட்வில் எனப்படும் பாட்டு கலந்த இலகு நாடகங்களுக்குப் பாட்டுப் போட்டு வளர்ந்தார். மேடையில் ஒருவர் கதவைத் தட்டினால், எட்டிப் பார்த்தால், ஒளிந்தால் அதற்கு எத்தனை தாளம் வேண்டும் என்பதை அங்கேதான் கற்றிருப்பார்.

அந்தக் காலத்துப் பாரிஸில் பாலே ஒத்திகைக்குப் பியானோ கிடையாது, ஓரிரு வயலின்கள்தான். 1842இல் பீட்டர்ஸ்பர்க்கில் மேடையேற்ற நடன ஆசிரியர் அந்துவான் தீத்துஸ் கொண்டுபோன ஜிசெல் ஒத்திகைப் பிரதியில், இந்த இடத்தில் யார் யாரிடம் என்ன சொல்கிறார் என்பது இசையோடு சேர்த்தே எழுதியிருக்கிறது. அதாவது வாத்தியங்கள் வசனம் பேசுகின்றன. ஜிசெல்லின் தாய் பெர்த், கல்யாணத்துக்கு முன் செத்த பெண்கள் ‘வில்லி’ என்னும் ஆவிகளாக அலைவதைச் சைகையால் சொல்லும் இடத்தில், இரண்டாம் அங்கத்து வில்லிகளின் இசை முன்கூட்டியே ஒலிக்கிறது. இன்று பல குழுக்கள் ‘சைகை யாருக்குப் புரியும்’ என்று இதைக் குறுக்கிவிடுகின்றன. அப்புறம் இரண்டாம் அங்கத்தில் அந்த இசை வரும்போது நமக்கு நினைவுகூர எதுவும் இருப்பதில்லை. வெறும் அழகான இசையாகக் கடந்துபோகிறது.

பூவிதழ் காட்சியை மட்டும் மறுபடி கேளுங்கள். ‘காதலிக்கிறான், இல்லை’ என்று ஜிசெல் இதழ் பிய்க்கிறாள். மீதியை எண்ணிப் பார்த்து, ‘இல்லை’யில் முடியும் என்று தெரிந்ததும் பூவை எறிகிறாள். அவளுடைய காதலன் ஆல்பிரெக்ட் அதை எடுத்து, ஓர் இதழைத் திருட்டுத்தனமாகக் கிள்ளிப் போட்டுவிட்டு, ‘காதலிக்கிறான்’ என்று எண்ணிக் காட்டுகிறான். மெட்டு அத்தனை சாதாரணம், ஒருமுறை கேட்டால் முணுமுணுக்கலாம். அங்கத்தின் கடைசியில், அவன் ஏற்கெனவே வேறொருத்தியோடு நிச்சயமான பிரபு என்று தெரிந்து பித்துப் பிடித்த ஜிசெல் இல்லாத பூவின் இதழைப் பிய்க்கிறாள். அதே மெட்டு நடுவில் நின்று நின்று, துண்டு துண்டாக வருகிறது. முதலில் சிக்கலான மெட்டைப் போட்டிருந்தால் இங்கே உடைந்தது நமக்குத் தெரியவே தெரியாது. நீங்கள் குறையாகச் சொன்ன எளிமை இந்த இடத்துக்காகச் சேர்த்துவைத்தது.

அவருக்குக் கனமாக எழுதத் தெரியாது என்றும் நினைக்க வேண்டாம். இரண்டாம் அங்கத்தில், இறந்துபோன ஜிசெல்லின் கல்லறைச் சிலுவையடியில் ஒதுங்கிய ஆல்பிரெக்டை வில்லிகள் நெருங்கும் இடத்துக்கு ஒரு ஃபியூக் எழுதியிருக்கிறார், ஒரு குரல் தொடங்கிய மெட்டை அடுத்தடுத்த குரல்கள் துரத்திக்கொண்டு வரும். ஆடுவதற்குச் சிரமம் என்பதாலோ என்னவோ, பெரும்பாலான மேடைகளில் அது வெட்டுப்பட்டுவிட்டது. 2019இல் மாஸ்கோவின் போல்ஷோய் குழுவுக்காக நடன அமைப்பாளர் அலெக்ஸி ரட்மான்ஸ்கி திரும்பச் சேர்த்தார்.

சைகோவ்ஸ்கியைச் சொன்னீர்கள். 1847இல் சொந்தமாகத் திறந்த ஓபரா அரங்கு அடுத்த ஆண்டுப் புரட்சியில் மூடப்பட்டு ஆடம் கடனாளியானார். பத்திரிகைகளில் எழுதினார், 1849 முதல் கன்சர்வேட்டரியில் பாடம் நடத்தினார். அங்கே அவரிடம் படித்தவர் லியோ டெலிப். அந்த டெலிப்பின் ‘சில்வியா’ பாலேயைக் கேட்டுவிட்டு, இது முன்பே தெரிந்திருந்தால் ‘ஸ்வான் லேக்’ எழுதியிருக்க மாட்டேன் என்று 1877இல் தன் மாணவர் தனேயெவுக்கு எழுதியவர் சைகோவ்ஸ்கி.

பதிவு என்று கேட்டால், ரிச்சர்ட் பானிங் நடத்தியதை எடுங்கள். வெட்டு குறைவு. கரயான் 1961இல் வியன்னா ஃபில்ஹார்மோனிக்கை வைத்துச் செய்தது ஒலியில் அற்புதம், ஆனால் சுருக்கிய வடிவம். நடனத்தோடு பார்க்கும்போது இரண்டாம் அங்கத்து ஜோடி நடனத்தில் வயோலா தனித்து வாசிக்கும் இடத்தைக் கவனியுங்கள். காலை மெல்ல உயர்த்தி நிறுத்துவதற்காக இன்று வேகத்தை மிகவும் குறைத்துவிடுகிறார்கள். வயோலாக்காரருக்கு ஒரே வில்லில் வாக்கியம் முடிவதில்லை, நடுவில் வில்லைத் திருப்ப வேண்டியிருக்கிறது. இசைப் பதிவில் அதே இடம் கொஞ்சம் விரைவாகப் போனால் அதுவே சரியான வேகம் என்று எடுத்துக்கொள்ளலாம்.