சுங்க வரியை நீக்கினாலே அண்டை நாடுகளுக்குள் வணிகம் பெருகிவிடுமா?

அது மட்டும் போதாது. கிழக்கு ஆப்பிரிக்காவைப் பாருங்கள். கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றும் 2005-இல் சுங்க ஒன்றியத்தைத் தொடங்கின; அதாவது, தங்களுக்குள் சுங்க வரியை நீக்கி, வெளியிலிருந்து வரும் பொருள்களுக்கு ஒரே வரி வைக்கும் ஏற்பாடு. கென்யாவில் ஆலைகள் அதிகம். எடுத்த எடுப்பில் கதவைத் திறந்தால் மற்ற இரண்டும் தாங்காது. அதனால் அவற்றின் பொருள்களுக்குக் கென்யாவில் உடனே வரிவிலக்கு. கென்யாவின் பல பொருள்களுக்கோ 5 ஆண்டுகளில் படிப்படியாகத்தான். மிக நியாயமான ஏற்பாடு இது.

சரி, வரி போனாலும் லாரி நகர வேண்டுமே! கென்யாவின் மொம்பாசா துறைமுகத்திலிருந்து உகாண்டா தலைநகர் கம்பாலா போகும் லாரி, மலாபா எல்லையில் கென்யப் பக்கம் ஒரு முறை, உகாண்டா பக்கம் இன்னொரு முறை நின்றது. அதே சரக்கு, அதே தாள்கள், இரண்டு வரிசை. அப்புறம்தான் இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே இடத்தில் உட்கார்ந்து சோதிக்கும் சாவடி வந்தது.

இவ்வளவு செய்தும், 2021 மார்ச்சில் பூஞ்சை நச்சைக் காரணம் காட்டி உகாண்டா, தான்சானியா மக்காச்சோளத்தைக் கென்யா தடுத்தது. சில நாள்களில் நிபந்தனைகளோடு தடை விலகியது. ஆனால் அந்த நாள்களில் மூட்டைகளோடு எல்லையில் நிற்கும் வியாபாரிக்கு, வரி இல்லை என்பதால் என்ன பயன்? ஒரு நாட்டின் தரச் சான்றை மற்ற நாடு நம்பி ஏற்கும் ஏற்பாடுதான் இப்போது அவசரத் தேவை என்பேன்.