வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போற பெண்களுக்கு என்ன உரிமை இருக்கு, நாம எப்படி உதவலாம்?

பாஸ்போர்ட்ட முதலாளி வாங்கி வச்சுக்கறது சரியா, அதுலேருந்தே ஆரம்பிக்கலாம். சரியில்ல. 2011ல ஐஎல்ஓ (சர்வதேச தொழிலாளர் அமைப்பு) கொண்டுவந்த 189வது சர்வதேச ஒப்பந்தம் வீட்டு வேலை செய்றவங்களுக்குன்னே உள்ளது, அவங்க பாஸ்போர்ட்டு அவங்க கைலதான் இருக்கணும், வாரத்துல தொடர்ந்து 24 மணி நேரமாவது லீவு வேணும், கிளம்புறதுக்கு முன்னாடியே எழுத்துல வேலை ஒப்பந்தம் கைக்கு வரணும்னு அதுல தெளிவா இருக்கு. ஆனா ஏத்துக்கிட்ட நாடுகளைத்தான் அது கட்டுப்படுத்தும், பெரும்பாலான நாடுகள் இன்னும் ஏத்துக்கல, அங்கதான் சிக்கலே.

இன்னொண்ணு கஃபாலா முறை, அதாவது வளைகுடா மாதிரி இடங்கள்ல முதலாளியே ஸ்பான்சரா இருக்கற முறை. விசாவே முதலாளியோட கட்டிப்போட்டிருக்கும், அடி தாங்காம வெளிய ஓடி வந்தா ஓடினவதான் சட்டவிரோதமா இருக்கறவ ஆயிடுவா, அடிச்சவன் ஜம்முனு இருப்பான். அதனாலதான் பல பேர் புகாரே கொடுக்கறதில்ல, தைரியம் இல்லாம இல்ல. வீட்டுக்குள்ளயே வேலைங்கறதால பாக்கறதுக்கும் ஆள் கிடையாது.

உதவின்னா, என்னைக் கேட்டா "விழிப்புணர்வு" கூட்டத்த விட முதல்ல போன் அவங்க கைல இருக்கறதும், சம்பளம் அவங்க பேர்ல உள்ள பேங்க் அக்கவுண்ட்ல விழறதும்தான் பெருசு, ஏன்னா காசு கொடுக்கலன்னு பின்னாடி நிரூபிக்க அந்த ஸ்டேட்மெண்ட்தான் ஆதாரம். ஏஜெண்ட் கமிஷன் கடன் இல்லாம போறதும் முக்கியம், கடன் இருந்தா எவ்ளோ மோசமா நடத்தினாலும் திரும்பி வர முடியாது. வேலை ஒப்பந்தத்த போட்டோ எடுத்து வீட்டுல ஒருத்தருக்கு அனுப்பி வைக்கச் சொல்லுங்க, தூதரக நம்பரும் மனப்பாடமா இருக்கட்டும், போனப் பிடுங்கிட்டா அதுதான் மிச்சம்.