புது மெஷின் வந்தால் ஆள் குறையுமா? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கிறேன். தானாக நூல் வெட்டும் தையல் மெஷின்களை இறக்கியிருக்கிறார்கள். பிசிறு வெட்டும் அக்காக்கள் வேலை போய்விடுமா என்று கேட்கிறார்கள். என்ன சொல்ல?

பொய் மட்டும் சொல்லாதீர்கள். பெடலைக் குதிகாலால் பின்னுக்கு அழுத்தினால் ஊசித் தட்டுக்கு அடியிலேயே கத்தி நூலை வெட்டிவிடுகிறது, பீஸ் நூல் வால் தொங்காமல் செக்கிங்குக்கு வருகிறது, அப்புறம் பிசிறு டேபிளில் எதற்கு எட்டுப் பேர் என்று ஆபீசில் கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் அந்த டேபிளில் ஆள் குறைவது வேறு, கம்பெனியில் குறைவது வேறு. பின்னது ஆர்டரைப் பொறுத்தது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஒரு கஜம் துணி நெய்யத் தேவைப்பட்ட உழைப்பில் 98 சதவீதம் குறைந்துபோனது என்று பொருளாதார ஆய்வாளர் ஜேம்ஸ் பெஸ்ஸன் கணக்குப் போட்டிருக்கிறார். அப்படியும் நெசவு வேலைகள் கூடின, ஏனென்றால் துணி மலிவானதும் ஒரு சட்டை வைத்திருந்தவன் நாலு வாங்கினான். எல்லார் துணிப்பெட்டியும் நிறைந்த பிறகுதான் அந்தக் கணக்கு தலைகீழாகி வேலைகள் குறைந்தன. அக்காக்களை இப்போதே ஓவர்லாக் தையல் மெஷினில் உட்காரவைத்துப் பழக்க முடியுமா என்று முதலாளியிடம் கேளுங்கள்.

கேள்வி: புது மெஷினா, புதுப் பொருளா, எது வேலை தரும்?

பெரும்பாலும் பொருள்தான். பிரான்ஸ், ஜெர்மனி, ஸ்பெயின், பிரிட்டன் நிறுவனங்களை ஒப்பிட்டு 2014இல் வெளியான ஆய்வும் இதையே சொல்கிறது: அதே பொருளைச் சிக்கனமாகச் செய்யும் வழி ஆளைக் குறைக்கப் பார்க்கிறது, புதுப் பொருளுக்கு வரும் கிராக்கி அதைவிட அதிகமாக ஆள் கேட்கிறது. நம்ம ஊரில் கோவை கிரைண்டரைப் பாருங்கள். தரையில் நிற்கும், குழவியைத் தூக்கி வைத்து மாவு வழிக்க வேண்டிய அந்தப் பழைய கிரைண்டரை இன்னும் நாலு பேர் குறைவாக வைத்துச் செய்திருந்தால் விலை கொஞ்சம் இறங்கியிருக்கும், அவ்வளவுதான். டேபிள்-டாப் வந்ததால்தான் அது பிளாட் சமையலறைக்குள்ளும் நுழைந்தது, கப்பலும் ஏறியது. (அதில் அரைத்த மாவு பழைய ருசி இல்லை என்பார் என் அம்மா, அது வேறு சண்டை.)

கேள்வி: எங்கள் முதலாளி ரோபோ வாங்கவே மாட்டேன் என்கிறார். நிம்மதியாக இருக்கலாமா?

நல்ல மனுஷன்தான், ஆனால் நிம்மதி வேண்டாம். ஸ்பெயின் தொழிற்சாலைகளின் 1990 முதல் 2016 வரையான கணக்கைப் பார்த்தவர்கள், ரோபோ வாங்கிய கம்பெனிகளில் நாலு வருஷத்துக்குள் உற்பத்தி 20 முதல் 25 சதவீதம் ஏறி ஆளும் கூடியதாகவும், வாங்காத போட்டிக் கம்பெனிகளில்தான் வேலை போனதாகவும் கண்டார்கள். அதற்காக ரோபோ எல்லாருக்கும் நல்லது என்று சொல்லிவிடாதீர்கள். அமெரிக்காவில் கம்பெனி கம்பெனியாக இல்லாமல் ஊர் ஊராகக் கணக்குப் பார்த்தபோது, ரோபோ அதிகம் வந்த இடங்களில் வேலையும் கூலியும் இறங்கியிருந்தன.

கேள்வி: பையன் ஐடிஐ சேரப்போகிறான். என்ன படிக்கட்டும்?

ஃபிட்டர் அல்லது எலக்ட்ரீஷியன், கூடவே பிஎல்சி, அதாவது மெஷினை ஓட்டும் கன்ட்ரோல் கம்ப்யூட்டர் வேலை. மெஷின் நின்றால் முதல் போன் அவர்களுக்குத்தான் போகிறது.