மஞ்சள் ஜேர்சிக்கு என்ன விலை? டூர் டி பிரான்ஸ் பற்றிய கேள்வி பதில்

நுவரெலியாவில் ஏப்ரல் ரேஸ் காலங்களில் புக்கி கடையொன்றில் பல வருடங்கள் சீட்டு எழுதியவன் நான். குதிரைகளுக்கு விலை எழுதிய அந்தப் பழக்கத்தில்தான், மூன்று வாரம் கட்டம் கட்டமாக நடக்கும் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் ஓட்டத்தின் விலைப்பட்டியலையும் வாசிக்கக் கற்றுக்கொண்டேன். 2026ஆம் ஆண்டு ஓட்டம் ஜூலை 4ஆம் திகதி பார்சிலோனாவில் தொடங்குவதையொட்டி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

ஹட்டன் வாசகர்: ஐயா, பேவரிட் என்று சொல்லப்படுபவர் வெல்லப் போகிறவர்தானா? விலையை எப்படிப் படிப்பது?

விலை என்பது ஆரூடம் அன்று. காசு எந்தப் பக்கம் போயிருக்கிறது என்பதையும், புக்கி தன் பங்கை எங்கே வைத்திருக்கிறார் என்பதையும் சேர்த்துக் காட்டும் ஓர் எண் மட்டுமே. கணக்குக்காக நான்கு ஓட்டக்காரர்களின் விலைகளை வைத்துக்கொள்வோம்: விலை மிகக் குறைந்த பேவரிட் பொகாச்சர் 1.50, விங்கெகோர் 3.50, எவனப்புல் 13, லிபோவிட்ஸ் 21. 1.50 என்றால், ஆயிரம் ரூபாய் கட்டி வென்றவருக்கு, கட்டிய காசும் சேர்ந்து 1,500 ரூபாய் கைக்கு வரும். 100ஐ அந்த விலையால் வகுத்தால் அதற்குள் ஒளிந்திருக்கும் வாய்ப்பு தெரியும். முதலாமவருக்கு நூற்றுக்கு 66.7, அடுத்தவருக்கு 28.6, பின்னர் 7.7, 4.8. கூட்டிப் பாருங்கள், 107.8 வருகிறது. வெல்லப் போகிறவர் ஒருவர்தான். ஆனால் நால்வரோடேயே நூற்றைத் தாண்டிவிட்டோம், 2025இல் புறப்பட்டவர்களோ 184 பேர். மற்றவர்களையும் சேர்த்து மொத்தம் 115 வருகிறது என்று கொண்டால், நூற்றுக்கு மேலே உள்ள அந்தப் பதினைந்துதான் புக்கியின் பங்கு. அதைக் கழித்துப் பார்த்தால் பொகாச்சரின் வாய்ப்பு 66.7 அன்று, ஏறத்தாழ 58. இந்த ஒரு வகுத்தலைச் செய்யாமல் எவரும் சீட்டு வாங்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

கொட்டகலை வாசகர்: 2020, 2021, 2024, 2025 ஆகிய நான்கு முறை வென்றவர் பொகாச்சர். அவர்மீது கட்டுவது வங்கியில் போடுவது போலத்தானே?

இல்லை. 2022 ஜூலை 13ஆம் திகதியை நினைத்துப் பாருங்கள். அன்று அதிகாலையில்தான் நம் நாட்டின் ஜனாதிபதி மாலைதீவுக்குப் பறந்திருந்தார்; பெற்றோல் இல்லாததால் பழைய சைக்கிள்களையெல்லாம் தூசு தட்டி எடுத்து ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. மின்வெட்டுக்கு அஞ்சித் திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, கைத்தொலைபேசியில் பதினோராவது கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மொத்த நேரத்தில் முன்னணியில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜேர்சி பொகாச்சரிடம் இருந்தது. கலிபியே மலையில் விங்கெகோரும் அவருடைய குழுத்தோழர் ரொக்லிச்சும் மாறி மாறிப் பாய்ந்து தாக்க, ஒவ்வொரு முறையும் அவரே துரத்திப் போய்ப் பிடித்தார். அப்போது அதை நான் வலிமை என்றே எண்ணினேன். கடைசி ஏற்றமான கிரானோனில், முடிவுக்கு ஏறக்குறைய ஐந்து கிலோமீற்றர் இருக்கையில், விங்கெகோர் புறப்பட்டார். பொகாச்சரால் எழுந்து மிதிக்கக்கூட முடியவில்லை; ஜேர்சியின் முன்பக்கம் திறந்து கிடக்க, இருக்கையிலேயே அமர்ந்தபடி மெல்ல மெல்ல ஏறினார். ஒரே மலையில் விங்கெகோரிடம் 2 நிமிடம் 51 விநாடி போயிற்று. அந்த வருடம் விங்கெகோரே வென்றார். அடுத்த வருடம் கொல் து லா லோஸ் ஏற்றம் வந்த நாளில் பொகாச்சர் அவரிடம் 5 நிமிடம் 45 விநாடி இழந்தார்.

2024இல் 6 நிமிடம் 17 விநாடி, 2025இல் 4 நிமிடம் 24 விநாடி என்ற பெரிய இடைவெளிகளில் பொகாச்சர் வென்றது உண்மை. ஆதலால் அவர் பேவரிட்டாக இருப்பதில் தவறில்லை. ஆனால் 1.50 விலையில் கட்டுகிறவர், மூன்று தடவைக்கு இரண்டு தடவை அவர் வென்றால்தான் நட்டமின்றித் தப்புவார் என்பதை மறக்க வேண்டாம்.

மஸ்கெலியா வாசகர்: இப்போதே கட்டினால் நல்ல விலை கிடைக்குமா?

கிடைக்கலாம். ஆனால் முன்கூட்டிக் கட்டும் சீட்டுகளில் பெரும்பாலானவை, ஓட்டக்காரர் புறப்படாவிட்டாலும் காசைத் திருப்பித் தருவதில்லை. 2024 ஏப்ரலில் பாஸ்க் நாட்டு ஓட்டத்தில் விங்கெகோர் இறக்கமொன்றில் விழுந்து, கழுத்துப்பட்டை எலும்பும் விலா எலும்புகளும் முறிந்து, நுரையீரலும் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் கிடந்தார். அவர் ஜூலையில் எழுந்து வந்து இரண்டாம் இடம் பெற்றது பெரும் அதிசயம். எல்லோருக்கும் அப்படி நடப்பதில்லை. சீட்டின் விதியை முதலில் வாசியுங்கள்.

தலவாக்கலை வாசகர்: மலையில் பிறந்தவர்தான் மலை ஏறுவார். ஆகவே கொலம்பியா, எக்குவடோர் நாட்டு வீரர்கள்மீது கட்டுவதுதானே அறிவு? நம் பிள்ளைகளுக்கு வசதி கிடைத்திருந்தால் அவர்களும் அங்கே ஏறியிருப்பார்கள்.

கேள்வியின் பிற்பகுதி என் நெஞ்சுக்கு நெருக்கமானது. முற்பகுதியை மட்டும் மறுக்கிறேன். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,650 மீற்றர் உயரத்திலுள்ள சிப்பாகிராவைச் சேர்ந்த எகான் பெர்னால் 2019இல் வென்றார். எக்குவடோரின் கரபாஸ் 2021இல் மூன்றாமிடம் பெற்றார். ஆனால் இருமுறை வென்ற விங்கெகோர் எங்கே பிறந்தார்? டென்மார்க்கில். அந்நாட்டின் மிக உயர்ந்த இயற்கை மேடே 171 மீற்றர்தான். நம் கம்பளை நகரம்கூட அதைவிட உயரத்தில் இருக்கிறது. ஓட்டக்காரராக வளர்ந்துவந்த காலத்தில் அவர் அதிகாலையில் மீன் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலை செய்தார். உடல் எடைக்கு ஏற்ற வலுவும், மூன்று வாரம் தேறித் தேறி எழும் தன்மையும், நல்ல குழுவுமே தீர்மானிக்கின்றன.

பண்டாரவளை வாசகி: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ரம்பொடையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையை விடவா அல்ப் டுவெஸ் கடினம்?

தங்கச்சி, இதற்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்கிறேன். பிரான்சின் அல்ப் டுவெஸ் ஏற்றத்தின் உச்சி ஏறத்தாழ 1,850 மீற்றர். நுவரெலியா நகரம் 1,868 மீற்றர். உயரத்தில் இரண்டும் அண்ணன் தம்பி. ஆனால் அங்கே 13.8 கிலோமீற்றருக்குள் 21 கொண்டை ஊசி வளைவுகளோடு, சராசரி 8.1 சதவீதச் சரிவில் ஏற வேண்டும். நம் மலையகப் புகையிரதப் பாதையின் கடும் ஏற்றம் 44க்கு 1, அதாவது 2.3 சதவீதம், அதற்கே வண்டி எப்படித் திணறுகிறது என்பதை நானுஓயாவுக்குப் போனவர்கள் அறிவார்கள். 2026இல் அல்ப் டுவெஸ் மலையில் அடுத்தடுத்த இரண்டு நாட்கள் கட்டங்கள் முடிகின்றன. இரண்டாம் நாள் வழியில் கலிபியேயும் உண்டு. அதன் 2,642 மீற்றர் நம் பீதுருதலாகலையின் 2,524 மீற்றரை விடவும் உயர்வு.

தலவாக்கலை வாசகர் மீண்டும்: அப்படியானால் மெல்லிய காற்றில் வளர்ந்தவருக்கே சாதகம். என் பேச்சு அப்படியே நிற்கிறது.

நிற்கவில்லை ஐயா. இன்று முன்னணிக் குழுக்கள் அனைத்தும் ஓட்டத்துக்கு முன் தம் வீரர்களை வாரக்கணக்கில் உயரமான மலைகளில் தங்கவைத்துப் பயிற்றுகின்றன. பிறவியில் கிடைத்த சாதகத்தின் பெரும்பகுதியை அது கரைத்துவிட்டது. ஒவ்வொருவரும் தனியே கடிகாரத்தோடு போட்டியிடும் தட்டையான நேரச்சோதனை ஓட்டத்தில் மலைப்பிள்ளைகள் பலர் நேரம் இழப்பதையும் கணக்கில் எடுங்கள். இவ்வருடம் முதல் நாளே குழு நேரச்சோதனைதான். ஊர்ப் பாசத்தால் கட்டாதீர்கள். ஏப்ரல் ரேசில் தன் ஊர்க்காரர் ஏறும் குதிரை என்பதற்காகவே கட்டி இழந்தவர்களின் சீட்டுகளை எத்தனையோ என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

ஹப்புத்தளை வாசகர்: வின்னும் பிளேசும் சேர்த்துக் கட்டுவது நல்லதா?

பேவரிட்டுக்கு வேண்டாம். பிளேஸ் என்பது முதல் மூன்று இடங்களுக்குள் வருவது. அதற்கு, கட்டிய காசு போக வரும் இலாபத்தில் நான்கில் ஒரு பங்கே கிடைக்கும் என்று கொண்டால், 21 விலையுள்ளவர்மீது 500 வின், 500 பிளேஸ் கட்டி அவர் மூன்றாவதாக வந்தால் 3,000 ரூபாய் கிடைக்கும். அதையே 1.50 விலையுள்ளவர்மீது கட்டி அவர் இரண்டாவதாக வந்தால், திரும்பி வருவது 562 ரூபாய் 50 சதம் மட்டுமே.

பதுளை வாசகர்: யார் வெல்வார்?

முதல் பதிலைப் படியுங்கள்.

இராகலை வாசகர்: இணையத்தில் கட்டுவது சட்டப்படி சரியா?

அது சட்டத்தரணியிடம் கேட்க வேண்டியது.

நானுஓயா வாசகர்: ஐயா, யார் வெல்வார், எவ்வளவு கட்டலாம்?

இதே கேள்வி ஆறு பேரிடமிருந்து வந்துவிட்டது. பெயரை நான் சொல்லமாட்டேன். வீட்டுச் செலவுக்கு உரிய காசில் ஒரு சதமும் கட்டக் கூடாது. முன்கூட்டிய சீட்டென்றால் விதியை வாசியுங்கள் என்பதையும் மறுபடி சொல்கிறேன்.

பொகவந்தலாவை வாசகர்: வென்றவர் பின்னர் ஊக்கமருந்தில் பிடிபட்டால் காசு என்னவாகும்?

பொதுவாக அன்றைய மேடையில் அறிவிக்கப்பட்ட முடிவுக்கே காசு கொடுக்கப்படும். 2006இல் வென்ற லாண்டிஸிடமிருந்து 2007இல் பட்டம் பறிக்கப்பட்டு பெரைரோவுக்கு வழங்கப்பட்டது. ஆம்ஸ்ட்ரோங்கின் ஏழு பட்டங்கள் 2012இல் நீக்கப்பட்டன. அவ்வளவு காலம் கழித்து எந்தப் புக்கியும் பழைய கணக்கைத் திறப்பதில்லை.

வட்டவளை வாசகர்: கடைசி நாட்களில் முன்னணியில் இருப்பவர்மீது கட்டினால் பாதுகாப்புத்தானே?

1989இல் பினியோன் 50 விநாடி முன்னிலையோடு இறுதி நாளுக்கு வந்தார். வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீற்றர் நேரச்சோதனை. இரண்டாமிடத்தில் இருந்த லெமொண்ட் தலைக்கவசத்தோடும் முன்நீட்டிய கைப்பிடியோடும் போனார். பினியோன் தலையில் எதுவும் அணியாமல், குடுமி காற்றில் பறக்கப் போனார். மூன்று வார ஓட்டம் 8 விநாடியில் லெமொண்டிடம் கைமாறியது. 2020இல் ரொக்லிச் 57 விநாடி முன்னிலையோடு இறுதிக்கு முந்தைய நாள் நேரச்சோதனைக்குப் போனார். மஞ்சள் ஜேர்சியோடு பாரிஸுக்குள் நுழைந்தவர் பொகாச்சர். இவ்வருடம் அந்த இறுதிக்கு முந்தைய நாள்தான் அல்ப் டுவெஸ்ஸின் இரண்டாவது ஏற்றம். அது முடியும் வரை எவருடைய சீட்டையும் வென்ற சீட்டாக நான் எண்ணமாட்டேன்.