ஒன்பதே காலுக்கு வகுப்பில் இருப்பவருக்கு எந்த டிரேடிங்?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியை நான். வயது 38. அப்பா வயலை விற்றதில் என் பங்காக ஆறு லட்சம் வந்திருக்கிறது. சம்பளத்தில் மாதம் பத்தாயிரம் மிச்சமாகும். மகள் எட்டாம் வகுப்பு. பாளையங்கோட்டையில் இருக்கும் தம்பி ஆப்ஷன் செய்கிறான்; "நீயும் இன்ட்ராடே பழகுக்கா, பழகப் பழகக் கை தேறிடும்" என்கிறான். வீட்டுக்காரர் நகை வாங்கிப் போடச் சொல்கிறார். இன்ட்ராடே, ஸ்விங், நீண்ட கால முதலீடு, எது எனக்குச் சரிவரும்?

பதில்: டீச்சர், முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பங்குச் சந்தை காலை 9.15-க்குத் திறந்து மாலை 3.30-க்கு மூடுகிறது. கிட்டத்தட்ட உங்கள் பள்ளி நேரமும் அதுதான். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கி விற்கிற அண்ணாச்சி, சரக்கு தீரும்வரை இடத்தைவிட்டு நகர மாட்டார். வாங்கிய பங்கை அன்றைக்கே விற்றுவிடும் இன்ட்ராடேயும் அப்படித்தான். மணி அடித்ததும் ஸ்டாஃப் ரூமுக்கு ஓடி வந்து போனைப் பார்க்கிறவருக்கு அது ஆகாது.

நாள் முழுக்க உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கே அது ஆகவில்லை என்பது வேறு விஷயம். 2022-23-இல் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு நட்டம் என்று சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் ஆய்வு சொல்கிறது. வருடத்துக்கு 500 தடவைக்கு மேல் வாங்கி விற்றவர்களில் அது பத்துக்கு எட்டு. பழகினால் கை தேறுமாம்! குறித்த தேதிக்குள் விலை ஏறுமா இறங்குமா என்று ஒப்பந்தம் போடும் தம்பியின் ஆப்ஷன் இன்னும் மோசம்: 2021-22 தொடங்கி மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை விட்டிருக்கிறார்கள்.

அப்புறம், நீங்கள் அரசு ஊழியர். நடத்தை விதிகள் ஊக வணிகத்துக்கு இடம் தருவதில்லை. வாங்கி வைப்பது வேறு, அடிக்கடி வாங்கி விற்பது வேறு. சில நாள், சில வாரம் வைத்து விற்கும் ஸ்விங்கை மாலையில் வீட்டில் உட்கார்ந்து திட்டமிடலாம்தான். ஆனால் இந்த ஒரு காரணத்துக்காகவே அதையும் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். ஒரு வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம் வரி. அதைத் தாண்டி விற்றால் வருடத்துக்கு 1.25 லட்சம் லாபம்வரை வரி இல்லை, மீதிக்கு 12.5 சதவீதம்தான்.

ஆக, நீண்ட காலம். அதிலும் ஆறு லட்சத்தையும் போட்டுவிடாதீர்கள். நம் ஊர் வயல்காரருக்கு இது தெரியும்: பாபநாசம் அணையில் தண்ணீர் இருந்தால்தான் கார் பருவ நெல் வைப்பார், இல்லையென்றால் அடுத்த பிசானப் பருவத்துக்குக் காத்திருப்பார். விதைநெல்லைச் சூதாட்டத்தில் வைப்பதில்லை. மகளின் கல்லூரிக்கு நான்கைந்து வருடம்தான் இருக்கிறது. 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட மும்பைச் சந்தைக் குறியீடு சென்செக்ஸ் அதே அக்டோபரில் 9,000-க்குக் கீழே போனது. மீண்டும் 21,000-க்கு வர 2010 தீபாவளி ஆயிற்று. அந்த நேரத்தில் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டி வந்தவர் பாதி விலைக்கு விற்றுவிட்டுத்தான் கட்டியிருப்பார்.

நானாக இருந்தால் நான்கு லட்சத்தை வங்கியிலோ தபால் நிலையத்திலோ டெபாசிட் செய்வேன். கல்லூரிச் செலவும் அவசரச் செலவும் அதில். மீதி இரண்டு லட்சத்தை ஒரே நாளில் போடாமல், ஒரு வருடத்தில் பிரித்துப் பிரித்து, ஐம்பது பெரிய கம்பெனிகளின் பங்குகளைச் சேர்த்து வாங்கும் நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டில் போடுவேன். சம்பள மிச்சத்தில் மாதா மாதம் ஏழாயிரம் எஸ்ஐபி, அதாவது மாதத் தவணையாக முதலீடு. பத்து வருடம் தொடக்கூடாத பணம் இது. தனிப் பங்குகளை ஆராய ஆசை இருந்தால் கோடை விடுமுறையில் ஆண்டறிக்கை படியுங்கள், வாங்க அவசரமில்லை.

வீட்டுக்காரர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு, தங்கம் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் நகையாக வாங்கினால் செய்கூலி, சேதாரம் போய்விடும்.

தம்பியிடம் ஒன்று கேளுங்கள். லாபம் வந்த நாளின் ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். போன நிதியாண்டு முழுவதற்குமான லாப நட்டக் கணக்கு புரோக்கர் ஆப்பிலேயே இருக்கும், அதைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினாலும் சரி, காட்டாவிட்டாலும் சரி, "உன் கணக்கில் நான் செய்து தர்றேன்க்கா" என்று ஓடிபி கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள்.