பழைய டிராக்டர் முன் நின்று எதைப் பார்ப்பது?

கேள்வி: ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் வேலை பார்க்கும் மகனிடம் செல்லவிருக்கிறேன். அங்குள்ள டெக்னோசியம் அருங்காட்சியகத்தில் பழைய டிராக்டர்களைக் காண ஆசை. மொழி தெரியாத நான் எதைக் கவனிக்க வேண்டும்?
– ஒரு விவசாயி, குடியாத்தம்

பதில்: உழவருக்கு மொழி பெரிய தடையாக இராது. ஹைன்ரிஷ் லான்ஸ் நிறுவனம் 1921இல் புல்டாக் டிராக்டரை வெளியிட்டது அதே மான்ஹைமில்தான் என்பதால், அந்த வண்டியின் முன் சற்று அதிக நேரம் நில்லுங்கள். 12 குதிரைத்திறன் கொண்ட அந்த முதல் மாடலில் படுக்கைவாட்டில் ஒரே சிலிண்டர். ஸ்பார்க் பிளக் கிடையாது. அதற்குப் பதிலாக எரிபொருளைப் பற்றவைக்கும் முன்பக்கக் குமிழை ஊதுவிளக்கால் நன்றாகக் காய்ச்சிய பிறகே ஃபிளைவீலை (இன்ஜினோடு சுழலும் கனமான சக்கரத்தை) ஆட்டி இன்ஜினைக் கிளப்புவார்கள். ஓடத் தொடங்கியபின் எரிதலின் வெப்பமே குமிழைச் சூடாக வைத்திருக்கும் என்பதால், மட்டமான எண்ணெயையும் அது எரித்துவிடும். ரிவர்ஸ் கியரும் இல்லை. பின்னால் செல்ல இன்ஜினையே எதிர்த்திசையில் சுழலவிட வேண்டும், அதற்குக் கை பழகியிருக்க வேண்டும்!

அடுத்து சக்கரங்களைப் பாருங்கள். காற்றடைத்த டயர் டிராக்டர்களுக்குப் பரவலானது 1930களில்தான். அதற்கு முந்தைய வண்டிகள் பலவற்றின் இரும்புச் சக்கரங்களில் மண்ணைப் பற்றுவதற்கான பட்டைகள் துருத்தி நிற்கும். சேற்றுழவுக்கு நாம் கேஜ் வீல் எனும் கூண்டு போன்ற இரும்புச் சக்கரத்தை மாட்டுவதும் மண்ணில் பிடி கிடைக்கத்தானே.

காட்சிகள் மேல்தளத்தில் தொடங்கிக் காலவரிசைப்படி கீழிறங்குவதால், முதலில் மேலே சென்றுவிடுவது முழங்காலுக்கும் நல்லது. பயணத்துக்கு முன்பே இயந்திரங்களைப் பார்த்துப் பழக விரும்பினால், பெங்களூரு கஸ்தூர்பா சாலையிலுள்ள விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகத்தின் இன்ஜின் கூடத்துக்குச் சென்று வரலாம்.