கெல்லியின் 64 கான்வாஸ்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அரூப ஓவியம் பற்றிய கட்டுரையில் எல்ஸ்வொர்த் கெல்லியின் ஆரம்பகாலப் படைப்புகளை வெகுவாகப் புகழ்ந்திருந்தீர்கள். ‘பெரிய சுவருக்கான வண்ணங்கள்’ ஓவியத்தை இணையத்தில் தேடிப் பார்த்தேன். பெயிண்ட் நிறுவனத்தின் வண்ண அட்டையைப் பார்ப்பதுபோல இருந்தது. சதுரம் சதுரமாக நிறம், அவ்வளவுதான். இதற்கு எதற்கு 64 தனித்தனிக் கான்வாஸ்கள்? ஒரே கான்வாஸில் கோடு போட்டு நிரப்பியிருக்கலாமே? கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே புரியவில்லை.

ம.

அன்புள்ள ம.,

கிண்டலாகவே கேட்டிருந்தாலும் கேள்வி சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது.

முதலில் அந்த வண்ண அட்டை. கெல்லி அமெரிக்கர். போரில் பணியாற்றியவர்களுக்கு அரசு தந்த கல்வி உதவியில் 1948இல் பிரான்ஸ் சென்று ஆறு ஆண்டுகள் தங்கிவிட்டார். 1951இல் கடையில் விற்கும் வண்ணத்தாள்களைச் சிறு சதுரங்களாக வெட்டி, எந்தக் கட்டத்தில் எந்த நிறம் என்பதைச் சீட்டெடுத்து முடிவுசெய்து, எட்டு ஒட்டுப்படங்கள் செய்தார். அவற்றில் மிஞ்சிய துண்டுகளிலிருந்து வந்ததுதான் நீங்கள் பார்த்த ஓவியம். தாளில் இருந்த நிறத்துக்கு இம்மி பிசகாமல் எண்ணெய் வண்ணத்தைக் கலந்தார். ஆக, நிறம் அவர் குழைத்துக் கண்டுபிடித்ததல்ல, கடைச்சரக்கு. அதை அவர் மறைக்கவும் இல்லை. ‘என் கை, என் மனம், என் வேதனை’ என்று ஓவியர்கள் உருகிக்கொண்டிருந்த காலத்தில் இது கொஞ்சம் திமிரான காரியம். எனக்குப் பிடித்த திமிர்.

இனி 64. ஒரே கான்வாஸில் சிவப்பையும் நீலத்தையும் அருகருகே தீட்டினால் கண் உடனே கதை கட்டத் தொடங்கிவிடும். சிவப்பு முன்னால் வருகிறது, நீலம் பின்வாங்குகிறது, ஒன்று உருவம், மற்றது பின்னணி. இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லை ஓவியன் போட்டது. நினைத்தால் அதை ஒரு விரற்கடை தள்ளியும் போட்டிருக்கலாம். தனிக் கான்வாஸ்களில் அந்த எல்லையை யாரும் வரையவில்லை. ஒரு பொருள் முடிகிறது, அடுத்த பொருள் தொடங்குகிறது. நடுவில் மயிரிழை இடைவெளி, அதில் நிஜமான நிழல். தரையில் பதித்த இரண்டு கற்களைப் பார்த்து எது முன்னால், எது பின்னால் என்று யாரும் கேட்பதில்லை. கெல்லிக்கு வேண்டியிருந்தது அதுதான்: நிறம் எதையும் சித்திரிக்காமல் ஒரு பொருளாக இருப்பது. திரையில் அந்த இடைவெளி வெறும் கோடாகச் சுருங்கிவிடும். அதனால்தான் ‘கோடு போட்டிருக்கலாமே’ என்று தோன்றியிருக்கிறது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ள அந்தப் படைப்பு, பக்கத்துக்குச் சுமார் 240 செ.மீ.; ஒவ்வொரு கான்வாஸும் ஏறக்குறைய 30 செ.மீ. சதுரம்.

அதிலுள்ள வெள்ளைச் சதுரங்களை மறுபடி பாருங்கள். ஒன்றுமில்லாத இடம் என்று தாண்டிப் போயிருப்பீர்கள். அவையும் ஆணியடித்து இழுத்துக் கட்டிய கான்வாஸ்கள்தான், அவற்றுக்கும் வண்ணம் தீட்டியிருக்கிறார். 1952இல் செய்த ‘வெள்ளைச் சுவருக்கான ஓவியம்’ இதை இன்னும் கறாராகச் சொல்கிறது. கறுப்பு, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, வெள்ளை, நீலம் என ஐந்தே பலகங்கள், அதாவது தனித்தனிக் கான்வாஸ்கள். வெள்ளைச் சுவரில் மாட்டிய வெள்ளைப் பலகம் சுவரோடு கரையாமல் தனியே நிற்கிறது.

இந்தக் காலப் படைப்புகளில் ‘சித்தே’ இன்னொரு விதம். சாரத்தில் ஏறிக் குழந்தைகள் பெரிய சுவரோவியம் தீட்டுவதாகக் கனவு கண்டு, விழித்ததும் மைக்கோடுகளால் ஒரு படம் வரைந்தார். அதை 20 சதுரங்களாக வெட்டி மாற்றி அடுக்கி, 20 மரப்பலகைகளில் தீட்டினார். கோடுகள் ஒரு பலகையின் விளிம்பில் திடுக்கென்று அறுந்து, அடுத்ததில் வேறெங்கோ தொடங்குகின்றன. ‘லா கோம்ப் 2’ ஒன்பது பலகைகளைக் கீல் போட்டு இணைத்த மடக்குத் தட்டி. வீடொன்றின் படிக்கட்டில் கைப்பிடிக் கம்பியின் நிழல் விழுந்ததைப் பார்த்துச் செய்தது.

போரில் எதிரியை ஏமாற்றும் உருமறைப்புப் படைப்பிரிவில் கெல்லி இருந்தார் என்பதால், எல்லாவற்றையும் அதிலிருந்தே விளக்கும் வழக்கம் ஒன்று உண்டு. சுவையான செய்தி. ஆனால் அந்தப் பிரிவில் இருந்த மற்றவர்கள் யாரும் இப்படி வரையவில்லையே. அதைவிட, 1950இல் இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு எழுதிய கடிதம் உதவும். வீட்டுச் சுவரில் மாட்டுகிற படங்கள் தனக்கு வேண்டாம், படைப்பே சுவராக வேண்டும் என்கிறார் அதில். பலகங்களைச் சேர்த்துக்கொண்டே போனால் சுவர் வந்துவிடும் என்பது அவர் கணக்கு. வேடிக்கை என்னவென்றால், அப்போது அவருக்குச் சுவர் தர யாரும் இல்லை. 1954இல் நாடு திரும்பினார். நியூயார்க்கில் தனிக் கண்காட்சி அமைய 1956 ஆயிற்று.

அடுத்து ‘சிவப்பு மஞ்சள் நீலம் வெள்ளை’ (1952) பாருங்கள், அறையோடு சேர்த்து எடுத்த புகைப்படமாகத் தேடுங்கள். 25 பலகங்கள், ஐந்தைந்தாக ஐந்து செங்குத்துப் பத்திகள். தூரிகையே படவில்லை, எல்லாம் சாயமிட்ட பருத்தித் துணி. பத்திகளுக்கு நடுவே சுவர் அகலமாகத் தெரியும். அந்தச் சுவரை ஓவியத்துக்குள் சேர்ப்பீர்களா, வெளியே விடுவீர்களா என்று எழுதுங்கள்.